மூன்று நரசிம்மரும் எங்கள் வீட்டு இரணியனும்

ஜூன் 6, வியாழன் – புதுச்சேரி

கத்திரி முடிந்து பத்து நாளாகியும் வெயில் தணியவில்லை. காலை ஒன்பதரைக்கே மிஷன் வீதியில் கண்ணைத் திறந்து நடக்க முடியவில்லை. கோயம்புத்தூரிலிருந்து வந்த இரவுப் பேருந்தில் பாதி வழியிலேயே ஏசி நின்றுவிட்டது. சன்னலையும் திறக்க வழியில்லை. அம்மா விடிய விடிய முந்தானையால் விசிறிக்கொண்டே வந்தார். அறைக்குள் நுழைந்ததும் ஒரு சொம்பு தண்ணீரைக் குடித்துவிட்டு, "நாளைக்கு மூணு கோயிலும் பாத்துரலாமல்ல கண்ணு?" என்றுதான் கேட்டார்.

இந்தப் பயணமே அம்மாவின் வேண்டுதல். சிங்கிரிக்குடி, பூவரசன்குப்பம், பரிக்கல் மூன்று ஊர் நரசிம்மரையும் ஒரே நாளில் பார்ப்பதாக, மார்ச் மாதம் அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தபோது, ஆஸ்பத்திரி நடையில் நின்று நேர்ந்துகொண்டாராம். அப்பாவுக்கு இது தெரியாது. பஞ்சாலையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர், தொழிற்சங்கத்து ஆள். அம்மாவைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டு எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். உள்ளே வந்ததில்லை, போகாதே என்று தடுத்ததும் இல்லை.

எனக்கு இரணியனைப் பிடித்ததும் அவரால்தான். 1982 பொங்கலுக்கு ஆலைத் தொழிலாளர்கள் போட்ட நாடகத்தில் அப்பா இரணியன். எனக்கு ஆறு வயது. அட்டையில் செய்த கிரீடத்தோடு மேடையில் நின்ற அப்பாவைப் பார்த்து எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இதே கதையை ஆத்தா திண்ணையில் உட்கார்ந்து வேறு மாதிரி சொல்லுவார். அதில் இரணியன் கெட்டவன், பிரகலாதன் நல்ல குழந்தை. நான் தலையை ஆட்டிக்கொண்டே மனசுக்குள் இரணியன் பக்கம் இருப்பேன். பாவம் செய்கிறேன் என்ற பயமும் கூடவே இருக்கும். நாற்பது வருடமாக இதை நான் யாரிடமும் சரியாகச் சொன்னதில்லை.

அப்பா நடித்தது பாரதிதாசன் எழுதிய 'இரணியன் அல்லது இணையற்ற வீரன்'. 1934இல் மேடையேறியது, 1948இல் சென்னை மாகாண அரசு தடை செய்தது. "பாண்டிக்குப் போறீங்கல்ல, வாத்தியார் வீட்டப் பாத்துட்டு வா" என்று அப்பா சொல்லி அனுப்பியிருந்தார். பெருமாள் கோயில் வீதியில் அந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. பெருமாளின் பகைவனுக்காக ஒரு நாடகம் எழுதியவர் பின்னாளில் வாழ்ந்தது பெருமாள் பெயரில் அமைந்த தெருவில். உள்ளே கூட்டமே இல்லை. புகைப்படங்களைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

நின்றபோது ஒன்று புரிந்தது. அந்த நாடகத்தில் இரணியன் குற்றமில்லாத தமிழ் வேந்தன், ஆரியர் சூழ்ச்சியில் வீழ்கிறான். அன்றைய சண்டைக்கு அப்படி ஒருவன் தேவைப்பட்டான், அதில் எனக்குப் பிணக்கு இல்லை. ஆனால் எனக்குப் பிடித்தவன் குற்றமே இல்லாத இரணியன் அல்ல. அவனைக் குற்றமற்றவனாக்கினால் அவனும் இன்னொரு பிரகலாதன் ஆகிவிடுகிறான். தாயின் வயிற்றிலிருக்கும்போதே நாரதர் சொல்லிக் கேட்டு எல்லாம் தெரிந்துகொண்டு பிறந்தவன் பிரகலாதன். அவனுக்குச் சந்தேகமே வருவதில்லை. இரணியனுக்கு எதுவும் முன்கூட்டித் தெரியாது. தம்பியைப் பறிகொடுத்தவன். பாகவதம் ஏழாம் ஸ்கந்தத்தில், இரணியாட்சன் செத்த துக்கத்தில் இருக்கும் தாய்க்கும் தம்பி மனைவிக்கும் உயிரின் நிலையைப் பற்றி எடுத்துச் சொல்லித் தேற்றுவது அவன்தான். படித்தால் ஒரு ஞானி பேசுவது போலவே இருக்கும். அதே வாயால்தான் பிறகு மகனைக் கொல்லச் சொல்கிறான். இரண்டும் சேர்ந்தவனைத்தான் என்னால் விட முடியவில்லை.

மதியம் மெஸ்ஸில் சாப்பாடு 110 ரூபாய். கத்தரிக்காய்க் காரக்குழம்பு அருமை. இரண்டாவது தடவை சோறு கேட்டபோது பரிமாறியவர் அம்மாவைப் பார்த்து, "ரசம் சூடா கொண்டாறேன், இருங்கம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சுடவைத்தே எடுத்து வந்தார்.

வெயிலுக்கு ஒதுங்கச் சம்பா கோவில் தேவாலயத்துக்குள் போனோம். பெஞ்சில் எங்களுக்குப் பக்கத்தில் ஒரு வயதான அம்மா, நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவராம். அம்மாவும் அவரும் முழங்கால் வலியில் பேச்சைத் தொடங்கி வேண்டுதலில் வந்து நின்றார்கள். கிளம்பும்போது அவர், "நான் யூதாசுக்கும் சேத்துதான் ஜெபம் பண்ணுவேன்" என்றார். இயேசுவைக் காட்டிக்கொடுத்தவனுக்கா என்று நான் திரும்பிப் பார்த்தேன். "முப்பது வெள்ளிக்காசையும் கோயில்லயே வீசிட்டுப் போய்த்தானே தூக்கு மாட்டிக்கிட்டான். பேதுருவுந்தான் மூணு தரம் இயேசுவத் தெரியாதுன்னார். அவருக்கு அழுது தீக்க நேரம் கெடச்சுது. இவனுக்குக் கெடைக்கல, அவ்ளோதான் தம்பி." ஆஸ்பத்திரியில் எத்தனை கடைசி ராத்திரிகளைப் பார்த்தவரோ. நான் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

ஜூன் 7, வெள்ளி – சிங்கிரிக்குடி, பூவரசன்குப்பம், பரிக்கல், பெயர் கேட்க மறந்த ஓர் ஊர்

காலை ஐந்தரைக்குக் கார். மூன்று கோயிலும் சுற்றிக் கடலூரில் கொண்டுபோய் விட 3,200 ரூபாய் என்று பேச்சு.

தவளக்குப்பத்தில் கடலூர்ச் சாலையை விட்டுப் பிரிந்து, கரும்பும் தென்னையுமாக இருக்கும் வழியில் சிங்கிரிக்குடி. மூலவர் பதினாறு கை உக்கிர நரசிம்மர். மடியில் இரணியன். நான் பார்த்த நரசிம்மர்களிலேயே இந்த அளவுக்கு நேராக அந்தக் கணத்தைக் காட்டுகிறவர் வேறு இல்லை. பட்டர் தீபத்தை முகத்தில் காட்டி, மெதுவாகக் கீழே இறக்கி, கிழிபட்ட வயிற்றில் ஒரு நொடி நிறுத்தினார். அங்கே எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் இரணியனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கம்பன் இந்த இடத்தை எழுதியிருக்கும் விதம் எனக்கு மனப்பாடம், அப்பா சொல்லிச் சொல்லிக் கேட்டது. தூணுக்குள்ளிருந்து சிரிப்பு எழுகிறது. எந்த மனிதனும் நடுங்க வேண்டிய இடம். இரணியன் "ஆரடா சிரித்தாய்?" என்கிறான். சண்டைக்கு வந்தாயானால் "புறப்படு, புறப்படு" என்கிறான். சிங்கம் வெளியே வந்து உலகை நிறைத்த பிறகும் மகன் கெஞ்சுகிறான், இப்போதாவது வணங்குங்கள் என்று. இந்தச் சிங்கத்தின் தோளையும் தாளையும் வெட்டி, உன்னையும் வெட்டிவிட்டு, அப்புறம் என் வாளைத் தொழுவேனே தவிர வேறு வணக்கம் என்னிடம் இல்லை என்கிறான் தகப்பன். 'உன்னையும்' என்ற அந்தச் சொல்லை நான் ஒருபோதும் மறைத்துப் படித்ததில்லை. அது இருக்கிறது. அதோடுதான் அவன் இருக்கிறான்.

அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். "அங்க ஓரத்துல பாரு கண்ணு. அவம் பொண்டாட்டி நிக்கிறா." பிரகலாதன், சுக்கிரன், வசிஷ்டர் எல்லோரும் இருக்கும் அந்தக் கருவறையில் இரணியன் மனைவியும் நிற்கிறாள். நான் கவனிக்கவே இல்லை. அம்மா வந்ததிலிருந்து அவளை மட்டும்தான் பார்த்திருக்கிறார்.

வெளியே பிரகாரத்தில் பானகம் கொடுத்தார்கள். சுக்கும் ஏலக்காயும் தூக்கலாக, நல்ல வெல்லம். அம்மா இரண்டு டம்ளர் குடித்தார்.

பூவரசன்குப்பம் தென்பெண்ணைக் கரையில். ஆற்றில் மணல்தான் இருந்தது. கல் தரையில் கால் வைக்க முடியாமல் ஓடித்தான் உள்ளே போனோம். கூட்டம், சீக்கிரம் முடிந்தது. பரிக்கலில் நடை சாத்தக் கொஞ்ச நேரமே இருந்தது. முன்னால் நின்றவர்கள் அம்மாவைப் பார்த்து, "பெரியம்மா, நீங்க போங்க" என்று வழிவிட்டார்கள். ஐந்து பேர் தாண்டி அழைத்துப் போய் நிறுத்தினார் ஒருவர், ஒரு வார்த்தை பேசாமல்.

காரில் பேச்சு கும்பகர்ணனில் வந்து நின்றது. அவனைப் பற்றிப் பேசினால் எனக்குத் தொண்டை அடைக்கும். அண்ணனிடம் நேருக்கு நேர் சொல்கிறான், சீதையை விட்டுவிடு, செய்தது தப்பு என்று. கேட்கவில்லை. சரி என்று போருக்குப் போகிறான். தம்பி வீடணன் வந்து, ராமனிடம் வந்துவிடு என்று அழைக்கிறான். நீர்க்கோலம் போன்ற வாழ்வை நம்பி, இத்தனை நாள் வளர்த்துப் போர்க்கோலம் செய்து அனுப்பியவனுக்கு உயிரைக் கொடுக்காமல் அங்கே வரமாட்டேன் என்கிறான். தோற்கப் போகிறோம், நம் பக்கம் நியாயமில்லை, இரண்டும் தெரிந்தே போகிறான். ராமன் பக்கம் நிற்பது சுலபம் அம்மா, அவர் ஜெயிப்பவர் என்றேன்.

அம்மா கொஞ்ச நேரம் சன்னல் பக்கம் பார்த்தார். "அவன் பெரியவந்தான், இல்லேங்கல. ஆனா அவன் செத்துப் போன அன்னிக்கும் சீதை அங்கயேதான உக்காந்திருந்தா? அண்ணன் சோத்துக்கு உசுரக் குடுத்தான், அவளுக்கு என்ன குடுத்தான்?" அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு, "இவங்கள ரசிக்கறதுக்குத் தள்ளி நிக்கோணும் கண்ணு. கூட இருந்தவளக் கேட்டாத் தெரியும்" என்றார்.

1989இல் ஆலை வேலை நிறுத்தம். அதிகாரி ஒருவரிடம் வருத்தம் தெரிவித்தால் வேலை திரும்பக் கிடைக்கும் என்றார்கள். அப்பா தெரிவிக்கவில்லை. பதினொரு மாதம் வீட்டில் சம்பளம் இல்லை. அம்மாவின் தாலிக்கொடி அடகுக்குப் போய் மஞ்சள் கயிறு வந்தது. எனக்கு அது வீரக்கதை. அம்மாவுக்கு அது பதினொரு மாதம். இந்த வயது வரைக்கும் நான் இதை அம்மா இருக்கும் பக்கத்திலிருந்து எண்ணிப் பார்த்ததில்லை.

அரசூர் தாண்டிப் பண்ருட்டி ரோட்டில் வண்டி புகைந்து நின்றது. மெக்கானிக் வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார் டிரைவர். எங்கோ பம்பைச் சத்தம். புளியமர நிழலிலேயே நடந்து போனால் ஓர் ஊர், திரௌபதி அம்மன் கோயில், அன்று சாயங்காலம் தீமிதி. அதற்கு முன்னால், பாரதப் போரின் முடிவை நடித்துக் காட்டும் படுகளம் நடந்துகொண்டிருந்தது.

கோயம்புத்தூர்க்காரனுக்கு இது புதுசு. கோயில் எதிரே திடலில் மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடக்கிறான். தலையிலிருந்து கால் வரை முப்பதடி இருக்கும். கிரீடம், முறுக்கிய மீசை, வானத்தைப் பார்க்கும் திறந்த கண். அவன் மார்பின் மேலும் வயிற்றின் மேலும் வேஷம் கட்டிய பீமனும் துரியோதனனும் ஓடி ஓடிச் சண்டை போடுகிறார்கள். கடைசியில் தொடையில் அடி. மண்ணுக்குள் புதைத்திருந்த செந்நீர் பீறிடுகிறது. அதைத் தொட்டுப் பாஞ்சாலி கூந்தலை முடிகிறாள். ஊரே குலவையிட்டது.

நான் எதிர்பார்க்காதது அதற்குப் பிறகு வந்தது. துரியோதனன் மனைவி பெருந்திருவாளாக வேஷம் கட்டியவர் மண் உடம்பின் தலைமாட்டில் விழுந்து ஒப்பாரி வைத்தார். குலவையிட்ட அதே பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதார்கள். சபையில் புடவையை உருவச் சொன்னவன் அவன், அது அங்கே எல்லோருக்கும் தெரியும். அவன் தோற்றதற்குக் கொண்டாடி முடித்துவிட்டு, அவன் செத்ததற்கு அழுகிறார்கள். கர்ணனின் சிநேகிதன் அல்லவா? மனைவியின் மேகலை அறுந்து மணி சிதறியபோது, சந்தேகப்படாமல், எடுக்கவா கோக்கவா என்று கேட்டவன். வில்லிபுத்தூரார் அதைக் கர்ணன் வாயால் சொல்ல வைத்திருக்கிறார்.

ஒருவர் வீட்டிலிருந்து நாற்காலி கொண்டுவந்து போட்டு, "வெளியூரா? உக்காருங்கம்மா" என்றார். இன்னொரு வீட்டிலிருந்து சொம்பில் கேழ்வரகுக் கூழ், மோர் மிளகாய். காசு கொடுக்கப் போனேன், "கோயில் நாள்ல காசா?" என்று கையைத் தள்ளிவிட்டார்கள். முடிந்ததும் ஆளாளுக்கு அந்த மண் உடம்பிலிருந்து ஒரு பிடி எடுத்தார்கள், வீட்டில் வைத்தால் நல்லதாம். அம்மாவும் போய்க் குனிந்து தோள் பக்கத்திலிருந்து ஒரு பிடி எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார்.

கடலூர் வந்தபோது மணி ஒன்பது. டிரைவர் 4,000 கேட்டார். வண்டி நின்றதற்கு நாங்கள் எப்படிப் பொறுப்பு என்று நான் குரலை உயர்த்தினேன். அம்மா 3,500 கொடுத்து முடித்துவைத்தார்.

ஜூன் 8, சனி – கடலூர்

அம்மாவுக்குக் கால் வீங்கிவிட்டது. மஞ்சக்குப்பத்தில் அறை. உப்புப் போட்ட வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு பகல் முழுக்கப் படுக்கை. நான் மட்டும் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய், காற்றே இல்லாததால் சீக்கிரம் திரும்பிவிட்டேன். இட்லி நான்கு 40 ரூபாய், சாம்பார் சுமார்.

சாயங்காலம் ஆட்டோவில் திருப்பாதிரிப்புலியூர். அப்பரைக் கல்லில் கட்டிக் கடலில் தள்ளியபோது கரை சேர்ந்தது இந்தப் பக்கம்தான். கரையேறவிட்ட குப்பம் என்று ஊர்ப்பெயரே இருக்கிறது. தள்ளச் சொன்ன பல்லவன் பிறகு சைவனாகி, இங்கிருந்த சமணப் பள்ளியை இடித்த கல்லால் திருவதிகையில் குணபரவீச்சரம் என்ற சிவன் கோயிலைக் கட்டினான் என்கிறது பெரியபுராணம். மனம் மாறும் வில்லன்கள் மேல் எனக்கு அவ்வளவு ஈடுபாடு இல்லை. பக்கம் மாறினானே தவிர அவன் இடிப்பதை நிறுத்தவில்லை.

இரவு அப்பா போன். துரியோதனன் படுத்திருந்த கதையைச் சொன்னேன். "மூஞ்சி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். பயமே இல்லாமல் இருந்தது என்றேன். "ம்ம்" என்றார்.

ஜூன் 9, ஞாயிறு – திருவதிகை, பண்ருட்டி

வேண்டுதல் முடிந்துவிட்டது, இது வழியில் இருக்கிறதே என்று போனதுதான். கெடில ஆற்றின் கரை. நுழையும் கோபுர வாசலில் இரண்டு பக்கச் சுவரிலும் நாட்டியக் கரணச் சிற்பங்கள். சிவன் முப்புரம் எரித்த தலம் இது. பொன், வெள்ளி, இரும்புக் கோட்டை மூன்றும் ஒரு சிரிப்பில் சாம்பலானது. ஆனால் அசுரர் மூவரும் சாகவில்லை. சிவபக்தி மாறாதவர்கள் என்பதால் இரண்டு பேரை வாயில் காவலாக நிறுத்திக்கொண்டு, மூன்றாமவனைத் தன் ஆட்டத்துக்கு முழவு வாசிக்க வைத்துக்கொண்டாராம். சுந்தரர் தேவாரத்தில் இது இருக்கிறது. நான் திரும்பிப் போய் வாசலில் நிற்கும் துவாரபாலகர்களை இன்னொரு முறை பார்த்தேன். ஊரை எரித்தவருக்கே காவல் நிற்பவர்கள். அந்த முகத்தில் என்ன இருக்கிறது என்று தேடினேன்.

உள்ளே ஓதுவார் ஒருவர் கூட்டமில்லாத நேரத்தில் தனியாகப் பாடிக்கொண்டிருந்தார். 'கூற்றாயினவாறு விலக்ககிலீர்.' சமணத்துக்குப் போய்த் தருமசேனராக இருந்த அப்பர், சூலை நோய் தாங்காமல், இரவோடு இரவாக அக்கா திலகவதியாரிடம் வந்து, இந்த இடத்தில் நின்று பாடியது. அம்மா தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். கடைசிப் பாட்டு வந்தது.

ஆர்த்தான் அரக்கன்தனை மால்வரைக்கீழ்
அடர்த்திட்டு அருள்செய்த அதுகருதாய்
வேர்த்தும் புரண்டும் விழுந்தும் எழுந்தால்
என்வேதனை யான விலக்கியிடாய்

அரக்கன் என்பது ராவணன். கயிலையைத் தூக்கிய திமிருக்கு அவனை மலைக்கடியில் வைத்து நசுக்கினாய், பிறகு அருளும் செய்தாயே, அதை நினைத்துப் பார், என் வலியையும் விலக்கு என்கிறார். முதன்முதலாக வாய் திறந்து கேட்கும்போது அப்பர் தனக்குத் துணையாக அழைத்து வந்தது ராவணனை. எத்தனையோ அடியார் இருந்திருப்பார்கள். வழி தவறிப்போய், உடம்பு நொந்து திரும்பி வந்தவனுக்கு அவர்கள் யாரும் உதவவில்லை. ஓதுவாரிடம் கேட்டேன். "அப்பர் அநேகமா எல்லாப் பதிகத்தையும் ராவணன்லதாங்க முடிப்பார். சம்பந்தர்னா எட்டாம் பாட்டு. அவன் இல்லாம பதிகமே கெடையாது" என்றார். ஆறு வயதிலிருந்து நான் தனியாக ஒளித்து வைத்திருந்ததை ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கும் மேலாகக் கோயிலுக்குள்ளேயே வாய்விட்டுப் பாடிக்கொண்டிருக்கிறார்கள். எனக்குக் கை நடுங்கியது.

அம்மா ஓதுவாரைப் பார்த்து, "சாமி, அந்த வேர்த்தும் புரண்டும் வர்ற எடத்த இன்னொருக்காப் பாடறீங்களா?" என்றார். மார்ச் மாதம் அந்த ராத்திரி அப்பா அப்படித்தான் இருந்தார். பனியன் நனைந்து பிழியும் அளவுக்கு வேர்த்து, பாயில் புரண்டு, எழுந்து, விழுந்து. அப்போதும் முருகா என்றோ அய்யோ என்றோ சொல்லவில்லை. அம்மாதான் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டையும் சொல்லிக்கொண்டிருந்தார். ஓதுவார் மூன்று முறை பாடினார். தட்டில் 100 ரூபாய் வைத்தேன், 50 எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தார்.

பண்ருட்டியில் தெருவெங்கும் பலா மணம். நடுத்தரப் பழம் 250 சொல்லி 200க்குத் தந்தார்கள். எண்ணெய் தடவிய கத்தியால் கடைக்காரரே பிளந்து, சுளையெடுத்து வாழை இலையில் பொதிந்து கட்டினார். "கொட்டையக் கீழ போட்றாதீங்க, சுட்டுத் தின்னா நல்லாருக்கும்" என்றார்.

இப்போது விழுப்புரம் ஸ்டேஷனில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அம்மா பெஞ்சில் பையைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருக்கிறார். திருவதிகைத் திருநீறு காகிதப் பொட்டலத்தில். துரியோதனன் மண் கைக்குட்டை முடிச்சில். பலாக்கொட்டை ஒரு கவரில். "திருநீறுன்னா உங்கப்பா வாங்க மாட்டார்" என்று அதைத் தன் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார். மண் முடிச்சை என்னிடம் நீட்டி, "இத நீயே அவர் கையில குடு. தோள் பக்கத்துல எடுத்ததுன்னு சொல்லு" என்றார்.